வருஷத்துக்கு ஒரு தடவையாவது உங்க கார் சக்கரத்தை நீங்களே கழட்டி மாட்டுங்க

சென்னையில திருவான்மியூர், பெசன்ட் நகர், கொட்டிவாக்கம், பட்டினப்பாக்கம்னு கடல் காத்து வர்ற தூரத்துல கார் நிறுத்தறவங்க கிட்ட ஒண்ணு கேட்கணும். உங்க கார்ல நாலு சக்கரமும் கடைசியா எப்ப கழண்டு வெளிய வந்துச்சு? சர்வீஸ்ல கழட்டிருப்பாங்கன்னு தான் எல்லாரும் நினைச்சுக்கறோம். ஆனா ஆயில் மாத்தறதுக்கு சக்கரத்தை கழட்ட வேண்டிய அவசியமே கிடையாது, பிரேக் பாக்கும்போதும் டயரை இடம் மாத்தும்போதும் தான் கழட்டுவாங்க, பின் சக்கரம் வருஷக்கணக்கா கை படாம கிடக்க நிறைய வாய்ப்பு இருக்கு. அப்படியே கிடந்து ஒரு நாள் ராத்திரி ஓஎம்ஆர்ல பஞ்சர் ஆகி ஸ்டெப்னி மாத்தலாம்னு இறங்கினா, நட்டு நாலும் கழண்டு கைக்கு வந்துடும், சக்கரம் மட்டும் வராது. உள்ள வெல்டு வெச்ச மாதிரி நிக்கும். இப்படி ஒரு நிலைமை வரும்னு முன்னாடியே தெரிஞ்சு வெச்சிருக்கறவங்க ரொம்ப கம்மி.

முதல்ல ஏன் ஒட்டிக்குதுன்னு சொல்லிடறேன், அது புரிஞ்சா தான் எப்படி கழட்டறதுங்கறதும் புரியும். சக்கரத்துக்கு நடுவுல ஒரு பெரிய ஓட்டை இருக்கும்ல, அது ஹப்போட, அதாவது சக்கரத்தை தாங்கி சுத்தற இரும்பு பாகத்தோட, மூக்கு மேல போய் உக்காரும், நம்ம ஊர்ல ஓடற மாருதி, ஹுண்டாய் சின்ன கார்கள்ல பலதுல அந்த ஓட்டை 54.1 எம்எம், ஹப் மூக்கும் கிட்டத்தட்ட அதே அளவு, நடுவுல மயிரிழை இடைவெளி தான். சக்கரம் ஆடாம நடுவுல உக்காரணும்னு வேணும்னே அப்படி செஞ்சிருக்காங்க. அந்த மயிரிழைக்குள்ள தண்ணியும் உப்பும் போய் உக்காந்துடுச்சுன்னா ஹப்போட இரும்பு துரு பிடிக்க ஆரம்பிக்கும், இரும்பு இருந்த இடத்தை விட துருவுக்கு பல மடங்கு இடம் வேணும், ஆனா அங்க இடமே இல்ல, அதனால ரெண்டையும் நெருக்கி இறுக்கிடும். அலாய் வீலா இருந்தா இன்னும் மோசம், அலுமினியமும் இரும்பும் ஒட்டி இருக்கற இடத்துல உப்புத் தண்ணி சேர்ந்தா பேட்டரிக்குள்ள நடக்கற வேலை தான் அங்கயும் நடக்கும், அலுமினியம் அரிச்சு வெள்ளை பவுடரா மாறி இடைவெளியை அடைச்சிடும். கழட்டி பாத்தா ஹப் பக்கம் செம்மண் நிறம், வீல் பக்கம் சுண்ணாம்பு நிறம். கடலோரக் காத்துல உப்பு இருக்கு, மழைக்காலத்துல தேங்குற தண்ணியில சாக்கடையும் சேந்து இருக்கு, ரெண்டும் நம்ம ஊருக்கு குறைவில்லாம கிடைக்குது.

இது ஒரு பிரச்சனை. இன்னொண்ணு நட்டே வராதது, அதுக்கு உப்பை குறை சொல்ல முடியாது, காத்துல ஓடற இம்பாக்ட் கன் தான் காரணம். டயர் கடையில நட்டை வெச்சு டர்ர்ர்னு ஒரு அழுத்து அழுத்திட்டு அடுத்த வண்டிக்கு போயிடுவாங்க, எவ்வளவு இறுக்கம்னு யாரும் அளக்கறது இல்ல. சின்ன கார்களுக்கு கம்பெனி சொல்ற அளவு பொதுவா 85லேருந்து 110 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும், உங்க வண்டிக்கு சரியான எண் மேனுவல்ல இருக்கும், பாத்து எழுதி வெச்சுக்கோங்க. கணக்கு ரொம்ப சுலபம். 100 நியூட்டன் மீட்டர்ல இறுக்கின நட்டை, டிக்கியில வர்ற அந்த கால் மீட்டர் நீள ஸ்பேனரை வெச்சு கழட்ட சுமார் 40 கிலோ அழுத்தம் குடுக்கணும், பெரியவங்க யாரும் உடம்பு எடையை சாய்ச்சு குடுத்துடலாம். அதே நட்டை கன் வெச்சு 300க்கு இறுக்கி வெச்சிருந்தா 120 கிலோ வேணும். 55 கிலோ எடை இருக்கற ஒரு பொண்ணு நடு ரோட்டுல நின்னு அதை எப்படி கழட்டும்? ஸ்பேனர் மேல ஏறி நின்னு குதிக்கறாங்க, ஸ்பேனர் நழுவி முழங்கால்ல அடிபடுது. எனக்கு இதுல தான் உண்மையிலேயே கோவம் வருது, ஏன்னா அந்த கடையில இன்னும் ஒரே ஒரு நிமிஷம் செலவு பண்ணி இறுக்கத்தை அளந்து காட்டற டார்க் ரெஞ்ச் ஸ்பேனரை வெச்சு கையால இறுக்கினா இது நடக்கவே நடக்காது. அடுத்த தடவை டயர் கடைக்கு போனா பக்கத்துலயே நில்லுங்க, "அண்ணே, கன்ல லேசா வெச்சுட்டு கடைசி இறுக்கம் கையால போடுங்க"ன்னு சொல்லுங்க. நான் எப்பவும் சொல்றேன், இதுக்காக யாரும் கோச்சுக்கிட்டது இல்ல.

வீட்டுல இதுக்கு பதில் நீளமான கம்பி. 60 சென்டிமீட்டர் நீளத்துல ஒரு பிரேக்கர் பார் வாங்கிட்டா அந்த 120 கிலோ 50 கிலோவா குறைஞ்சிடும், அவ்வளவு தான் வித்தை. சாக்கெட் ஆறு பட்டை உள்ளதா வாங்குங்க, பன்னெண்டு பட்டை சாக்கெட் நட்டோட முனையை மட்டும் பிடிக்கும், இறுகின நட்டுல அது வழுக்கி முனையை மழுங்க வெச்சிடும். மாருதிக்கு 19 எம்எம், ஹுண்டாய்க்கு 21 எம்எம். கைப்பிடி இடது பக்கம் படுத்த மாதிரி வெச்சு கீழ அழுத்துங்க, மேல இழுக்கறது இடுப்புக்கு ஆகாது. நட்டை லூஸ் பண்றது சக்கரம் தரையில இருக்கும்போதே நடக்கணும், அரை சுத்து வந்தா போதும், தூக்கினப்புறம் அந்த பலத்தை குடுத்தா சக்கரம் சுத்தும் இல்ல கார் ஜாக்கியிலேருந்து சரியும்.

தூக்கறதுக்கு முன்னாடி தரையை பாருங்க. நம்ம அபார்ட்மெண்ட் ஸ்டில்ட் பார்க்கிங்ல தரை சமமா இருக்கற மாதிரி தெரியும், ஆனா தண்ணி ஓடறதுக்காக கேட் பக்கம் லேசா சரிவு விட்டிருப்பாங்க, ஒரு தண்ணி பாட்டிலை படுக்க வெச்சு பாத்தாலே உருண்டு காட்டிடும். பேவர் பிளாக் போட்ட இடமா இருந்தா ஜாக்கியோட சின்ன அடித்தட்டு ஒரே ஒரு கல்லு மேல உக்காந்து அதை உள்ள அமுக்கும், கத்திரி வெயில்ல தார் ரோடுலயும் இதே கதை, தார் இளகி ஜாக்கி ஒரு பக்கமா இறங்கும். முக்கால் இஞ்ச் பிளைவுட் துண்டு ஒண்ணு, ஒரு அடிக்கு ஒரு அடி, டிக்கியில எப்பவும் கிடக்கட்டும். காத்து சுத்தமா இறங்கி கார் தாழ்ந்து போய் ஜாக்கி அடியில நுழையலைன்னா அதே மாதிரி இன்னொரு பலகை மேல அந்த டயரை மெதுவா ஏத்தினா இடம் கிடைச்சிடும்.

ஹேண்ட் பிரேக் பத்தி கொஞ்சம் விளக்கமா சொல்லணும், இதுல தான் நிறைய பேர் தப்பா நம்பிக்கை வெக்கறாங்க. பெரும்பாலான கார்ல ஹேண்ட் பிரேக் பின் சக்கரம் ரெண்டை மட்டும் தான் பிடிக்கும். கியர் போட்டு நிறுத்தினா எஞ்சின் முன் சக்கரத்தை பிடிக்கும், நம்ம சின்ன கார் பெரும்பாலும் முன் சக்கர டிரைவ் தானே. இப்ப முன் சக்கரம் ஒண்ணை தூக்கறீங்க. அந்த சக்கரம் காத்துல சுதந்திரமா சுத்தற நிலைக்கு வந்ததும் எஞ்சின் பலத்தை ரெண்டு சக்கரத்துக்கும் பிரிச்சு குடுக்கற டிஃபரன்ஷியல் காரணமா தரையில இருக்கற இன்னொரு முன் சக்கரமும் பிடிப்பு இல்லாம போயிடும், கியர்ல இருந்தும் பிரயோஜனம் இல்ல, காரை பிடிச்சிட்டு இருக்கறது பின்னாடி ஹேண்ட் பிரேக் மட்டும் தான். பின் சக்கரத்தை தூக்கினா ஒரே ஒரு பின் சக்கரமும் கியரும் பிடிக்கும். ரெண்டுலயும் பாதி பாதுகாப்பு போயிடுது, அதனால தான் ஹேண்ட் பிரேக், கியர் ரெண்டும் போட்டு, தூக்கற சக்கரத்துக்கு குறுக்கு மூலையில இருக்கற சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒவ்வொரு செங்கல்லு வெக்கணும். ஆட்டோமேட்டிக்னா பார்க்ல போடுங்க.

ஜாக்கி வெக்கற இடம் முன் சக்கரத்துக்கு சற்று பின்னாடி, பின் சக்கரத்துக்கு சற்று முன்னாடி, கதவுக்கு கீழ ஓடற தகட்டு விளிம்புல ரெண்டு சின்ன வெட்டு தெரியும், அதுக்கு நடுவுல. கையை விட்டு தடவி பாத்தா தெரியும். வெள்ளத்துல நின்ன கார்னா அந்த விளிம்பை டார்ச் அடிச்சு பாருங்க, துரு அரிச்சிருந்தா ஜாக்கி தகட்டை பிச்சுக்கிட்டு மேல போயிடும். கார் ஜாக்கியில நிக்கும்போது தலையோ காலோ அடியில போகவே கூடாது, கழட்டின சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ விளிம்புக்கு கீழ படுக்க வெச்சிடுங்க, ஜாக்கி சரிஞ்சாலும் கார் அது மேல தான் உக்காரும். வீட்டுல பொறுமையா செய்யும்போது ஜாக் ஸ்டாண்ட் வெக்கறது தான் சரி, காரோட வர்ற ஜாக்கி தூக்கறதுக்கு மட்டும் தான், தாங்கி நிறுத்தறதுக்கு இல்ல.

இப்ப ஒட்டிக்கிட்ட சக்கரத்துக்கு வர்றேன்.

எங்க அக்கா வீடு வேளச்சேரியில. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப அவங்க பார்க்கிங்ல தண்ணி ஏறி கார் பாதி சக்கரம் வரைக்கும் முழுகி நின்னுச்சு. மாமா ஸ்டார்ட் பண்ணாம விட்டதால எஞ்சின் தப்பிச்சுது, பிரேக் எல்லாம் பாத்து குடுத்தாங்க, வண்டி நல்லா தான் ஓடிச்சு. ரொம்ப நாள் கழிச்சு பின்னாடி இடது டயர்ல மெதுவா காத்து இறங்க ஆரம்பிச்சு, ஞாயித்துக்கிழமை காலையில மாமா போன் பண்ணாரு, "மாப்ள, நட்டு எல்லாம் வந்துடுச்சு, சக்கரம் மட்டும் வர மாட்டேங்குது." நான் போய் சேரும்போது மாமா தரையில உக்காந்து ரெண்டு காலையும் டயர் மேல வெச்சு உதைக்க தயாரா இருந்தாரு, கார் அந்த சின்ன கத்திரி ஜாக்கி மேல நிக்குது.

"மாமா, உதைக்காதீங்க, முதல்ல இறக்கிடலாம்."

"சக்கரமே இன்னும் வரல, எதுக்கு மாப்ள இறக்கணும்?"

அவர் கேட்டதும் நியாயம் தான், உதைக்கறது எல்லாரும் செய்யற வேலை, டயரோட இடது ஓரத்துல ஒண்ணு வலது ஓரத்துல ஒண்ணுன்னு மாத்தி மாத்தி குதிகால்ல உதைச்சா லேசான பிடிப்பு விட்டுடும். ஆனா கார் கீழ ஸ்டாண்ட் இருக்கும்போது செய்யற வேலை அது. கத்திரி ஜாக்கி மேல இருந்து வர்ற எடையை தாங்கும், பக்கவாட்டுல வர்ற தள்ளலை தாங்காது, நீங்க குடுக்கற உதை முழுக்க பக்கவாட்டு தள்ளல் தான். அதுவும் உக்காந்து உதைக்கும்போது உங்க கால் ரெண்டும் கார் எங்க விழுமோ அங்கயே இருக்கு.

அதனால நட்டு நாலையும் திரும்ப மாட்டி, கையால முழுக்க திருகி, அதுலேருந்து ரெண்டு சுத்து மட்டும் பின்னாடி எடுத்தோம். நட்டு கழண்டு விழாது, சக்கரத்துக்கு ஓரிரு எம்எம் அசைய இடம் இருக்கும். டயர்ல பம்பு வெச்சு காத்து ஏத்திட்டு காரை தரையில இறக்கினோம். அந்த சக்கரத்து மேல கிட்டத்தட்ட 200 கிலோ எடை வந்து உக்காருது, நம்ம காலால குடுக்க முடியாத பலம் அது. மாமா அந்தப் பக்கம் கூரையை தாங்கற பில்லர்ல மேல கையை வெச்சு காரை பக்கவாட்டுல ஆட்டினாரு, கதவுத் தகட்டுல கை வெச்சு தள்ளினா நசுங்கிடும், பில்லர்ல தான் வெக்கணும். ஆட்டி பாத்தும் வரல. அப்புறம் செங்கல்லை எடுத்துட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்கிட்டு நான் உக்காந்து முதல் கியர்ல ரெண்டு அடி நகர்த்தி பிரேக், ரிவர்ஸ்ல ரெண்டு அடி நகர்த்தி பிரேக், நடக்கற வேகத்தை விட கம்மியா. பிரேக் ஹப்பை பிடிச்சு நிறுத்தும், சக்கரம் காரோட எடையால இன்னும் உருளப் பாக்கும், அந்த முறுக்கு நேரா துரு மேல போகும். ரெண்டாவது தடவை ரிவர்ஸ்ல பிரேக் அடிக்கும்போது பின்னாடிலேருந்து டொக்குனு ஒரு சத்தம், வாட்ச்மேன் அண்ணன் கூட திரும்பி பாத்தாரு. திரும்ப செங்கல்லு வெச்சு தூக்கி நட்டை எடுத்தா சக்கரம் கையோட வந்துடுச்சு. மாமா முகத்துல அப்ப இருந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன், மீதி மூணையும் இன்னிக்கே பாத்துடலாம்னு அவரே சொன்னாரு, பாத்தோம், இன்னொரு பின் சக்கரமும் அதே மாதிரி ஒட்டியிருந்தது.

இதை ரோட்டுல செய்யாதீங்க, ஆள் இல்லாத பார்க்கிங்ல ரெண்டு மூணு அடிக்கு மேல வேண்டாம், சத்தம் வந்ததும் நிறுத்திடணும். லூஸ் நட்டோட ஓட்டறது சக்கரத்தோட ஓட்டையையும் நட்டு ஏறற ஸ்டட் கம்பியையும் தின்னுடும்.

இதுக்கும் அசையாத சக்கரம் இருக்கு. அப்ப துரு இளக்கற ஸ்ப்ரே, டபிள்யூடி-40 மாதிரி எதாவது, நடு மூடியை எடுத்துட்டு ஹப் மூக்கும் சக்கரமும் சேர்ற வட்டத்துல குழாய் வெச்சு கொஞ்சமா விடுங்க, ஒரு ராத்திரி ஊறட்டும். டிஸ்க் மேலயோ பிரேக் பேட் மேலயோ ஒரு சொட்டு கூட போகக்கூடாது, போனா பிரேக் பிடிக்காது. மறுநாள் ஸ்டாண்ட் மேல நிறுத்தி ரப்பர் சுத்தியல்ல டயரோட பக்கச்சுவரை தட்டுங்க, ஒரு அடி அடிச்சு கொஞ்சம் சக்கரத்தை சுத்திட்டு அடுத்த அடி, ஒரே இடத்துலயே அடிச்சுக்கிட்டு இருந்தா கோணலா மாட்டிக்கும். பழைய கார் சாமான் விக்கற புதுப்பேட்டையில ஒரு பெரியவர், எல்லாரும் பாய்னு கூப்பிடுவாங்க, அவர் சொன்னது எனக்கு நல்லா மனசுல நிக்குது: "இரும்பு சுத்தியலை அலாய்ல காட்டவே காட்டாதீங்க தம்பி, அடிச்சே ஆகணும்னா நடுவுல மரக்கட்டை வெச்சு அடிங்க." அடிச்சா அலாய் விரிசல் விடலாம், சின்ன விரிசல் கண்ணுக்கே தெரியாது. பர்னர் வெச்சு சூடு காட்டற வேலை வீட்டுல வேண்டவே வேண்டாம், பேரிங்ல இருக்கற கிரீஸ் உருகும், பக்கத்துல பிரேக்கோட ஏபிஎஸ் சென்சார் இருக்கு, சூடேறின டயர் வெடிச்சா ஆளையே கொல்லும்.

சக்கரம் வந்ததும் பாதி பேர் ஸ்டெப்னியை மாட்டி கதையை முடிச்சிடறாங்க, எனக்கு அதுக்கப்புறம் வர்ற அரை மணி நேரம் தான் முக்கியமா படுது. ஹப் மூக்கையும் சக்கரம் போய் உக்கார்ற தட்டையான முகத்தையும் கம்பி பிரஷ் வெச்சு தேய்ங்க, அலாயோட உள் ஓட்டையில இருக்கற வெள்ளை படலத்துக்கு உப்புத்தாள் போதும், அலுமினியத்தையே சுரண்டிடாம லேசா. துணியால துடைச்சுட்டு ஹப் மூக்கோட விளிம்புல மட்டும் ஒட்டிக்காம தடுக்கற ஆன்ட்டி-சீஸ் பேஸ்டோ காப்பர் கிரீஸோ விரல் நுனியில எடுத்து மெல்லிசா ஒரு வட்டம் பூசுங்க. நிறைய பூசினா சூட்டுல உருகி பிரேக் பக்கம் தெறிக்கும். ஸ்டட் மரையிலயும் நட்டோட கூம்பு முகத்துலயும் கிரீஸ் போடாதீங்க, இதுல எங்க அபார்ட்மெண்ட்லயே வாதம் நடக்கும், துரு பிடிக்காம இருக்க ஒரு சொட்டு ஆயில் விட்டா என்ன தப்புன்னு. தப்பு என்னன்னா கம்பெனி குடுத்த அந்த டார்க் அளவு காய்ஞ்ச மரைக்கு போட்ட கணக்கு, ஆயில் விட்டா உராய்வு குறைஞ்சு அதே அளவுல ஸ்டட் இன்னும் அதிகமா இழுபடும், இழுபட்டு இழுபட்டு ஒரு நாள் அறுந்துடும். கம்பி பிரஷ்ல மரையை சுத்தம் பண்ணினா போதும்.

நட்டை முதல்ல கையால தான் ஏத்தணும், மூணு நாலு சுத்து விரலால போகலைன்னா மரை குறுக்கா ஏறுதுன்னு அர்த்தம், எடுத்துட்டு மறுபடி வைங்க. எதிரெதிரா இறுக்கி, காரை இறக்கி, கடைசி இறுக்கம் தரையில டார்க் ரெஞ்ச் வெச்சு, கிளிக்குனு ஒரு தடவை சொன்னதும் விட்டுடணும். சென்னை பாடி ஏரியாவுல வீல்ஸ் இந்தியாவும் சுந்தரம் ஃபாஸ்னர்ஸும் 1960களிலேருந்து சக்கரமும் போல்ட்டு நட்டும் செஞ்சிட்டு இருக்கற ஊர் நம்மது, இவ்வளவு துல்லியமா செய்யற பொருளை கண்ணை மூடிக்கிட்டு இறுக்கறது எனக்கு மனசே வராது.

சாமான் எல்லாம் ஜி.பி. ரோட்டுலயும் மண்ணடியிலயும் கிடைக்கும். பிரேக்கர் பார், ஆறு பட்டை சாக்கெட், ரப்பர் சுத்தியல், கம்பி பிரஷ், ஒரு சின்ன ட்யூப் பேஸ்ட், ஜாக் ஸ்டாண்ட் ஒரு ஜோடி. டார்க் ரெஞ்ச் தான் இதுல கொஞ்சம் செலவு, அதை அபார்ட்மெண்ட்ல நாலு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்கிக்கலாம், எங்க பிளாக்ல அப்படி தான் வெச்சிருக்கோம், வேலை முடிஞ்சதும் ஸ்பிரிங்கை கம்மி அளவுக்கு இறக்கி பெட்டியில வெக்கணும்னு பெட்டி மூடியிலயே எழுதி ஒட்டியிருக்கு. அலாய்க்கு பூட்டு நட்டு போட்டிருக்கறவங்க அதோட சாவி எங்க இருக்குன்னு இன்னிக்கே தேடி டிக்கியில போடுங்க. தேதி பாத்தா மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, செப்டம்பர் கடைசி ஞாயிறு மாதிரி, நாலு சக்கரத்தையும் ஒண்ணு ஒண்ணா கழட்டி துடைச்சு மாட்டிடுங்க, 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை டயர் இடம் மாத்தற வேலையும் அதோட முடிஞ்சிடும். மாட்டினப்புறம் 50லேருந்து 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு, மகாபலிபுரம் போய் திரும்பினாலே அவ்வளவு வந்துடும், சக்கரம் நல்லா ஆறினதும் திரும்ப ரெஞ்ச் வெச்சு ஒவ்வொரு நட்டையும் பாருங்க, சுத்தம் பண்ணின முகங்கள் அதுக்குள்ள சரியா பொருந்தி உக்காந்திருக்கும், ஒண்ணு ரெண்டு நட்டு கொஞ்சம் திரும்பும். ஸ்டெப்னியிலயும் அன்னிக்கே காத்து பாத்துடுங்க.